மூன்றாவது முறை கேட்காதே

ஸ்வெண்ட்போர்க், டென்மார்க்
14 ஜனவரி 1996

அன்புள்ள மலாக்கி,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ப்ரேபென் நல்ல கணவராகத் துறைமுகத்துக்கே காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பெர்னி கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சில் ஒன்றை அவருக்காக மிச்சம் வைத்திருந்தேன். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, இப்படி ஹாம் இந்த நாட்டில் கிடைக்காது என்றார்.

பெர்னியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உன் மனைவியாக, எனக்கு அண்ணியாக ஆவதற்கு முன்பே அவள் என் பள்ளித் தோழி. பஸ் நிறுத்தத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். நான் கையசைத்தது கண்ணாடியில் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். புத்தாண்டுக்கு மறுநாள் காலையில் நடந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். உன் சிறுநீரகங்கள் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டன, வாரம் முழுக்க நகர ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறாய் என்பதைக் கண்ணால் பார்த்தபிறகு, என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள் என்றேன். நீ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "அதெல்லாம் வேணாம், வேணாம்" என்றாய். நான் "சரி" என்றேன். தட்டுகளைக் கழுவ எடுத்துப் போனேன். திரும்பி வந்தபோது நீ கோட்டுகூடப் போடாமல் மழையில் மாட்டுக் கொட்டகைக்குப் போயிருந்தாய். பெர்னி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உன் பதிலை நான் மதித்தேன். அதில் என்ன பிழை?

தொலைபேசியில் நீ மழையைத் தாண்டி எதையும் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பதில் போடு.

அட்ராக்டா


டப்பர்கரி, ஸ்லைகோ, அயர்லாந்து
25 ஜனவரி

டீச்சரம்மா,

பெர்னி உன்மேல் கோபமாக இல்லை என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். கோபமாகத்தான் இருக்கிறாள்.

உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்து காரின் கதவைச் சாத்திய சாத்தலில் கைப்பிடி கழன்றுவிட்டது. என்னடி என்றேன். "டீ வேணுமான்னு கேக்குறவகூட மூணு தடவை கேப்பா. உன் தங்கச்சி கிட்னி தரேன்னு ஒரே ஒரு தடவை கேட்டுட்டு, பாத்திரம் கழுவப் போயிட்டா. குடுக்க மனசில்லைன்னா எதுக்குக் கேட்டா?" என்றாள். அவளுக்கு நான் என்ன சொல்ல? அவ டேனிஷ்காரி ஆயிட்டா, விடு என்றேன்.

நீ மறந்துவிட்டாயா அட்ராக்டா? நம் வீட்டில் முதல் 'வேணாம்' மரியாதைக்கு. இரண்டாவது, கேட்கிறவர் மனசாரக் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டால் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டியதுதான். பக்கத்து வயல் டான்ஸி நேற்று வந்தான். கேக் வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன், வயிற்றில் இடமில்லை என்று வாசலில் நின்றே சத்தியம் செய்தான். பிறகு மூன்று துண்டு சாப்பிட்டான். நீ பரிமாறியிருந்தால் பாவம் பட்டினியாகத் திரும்பிப் போயிருப்பான்.

இதையெல்லாம் பெர்னியின் கோபத்தை விளக்கத்தான் எழுதுகிறேன். இன்னொரு முறை கேள் என்று தூண்டில் போடவில்லை. என்னுடையது டான்ஸியின் 'வேணாம்' இல்லை. நிஜமான 'வேணாம்'. நீ எழுந்து போனது சரிதான்.

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இடது கையில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் குழாய்கள். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அது காரணமில்லை, எப்போதும் இப்படித்தான்.

மழை நின்றபாடில்லை.

மலாக்கி


ஸ்வெண்ட்போர்க்
11 பிப்ரவரி

அன்புள்ள மலாக்கி,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. நீ மழையில் கோட்டில்லாமல் போனது ஏன் என்று இப்போது எனக்குத் தெரிந்த மாதிரி இருக்கிறது. தெரிந்துவிட்டது என்று எழுதத் துணிவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆங்கில வகுப்பில் ஒன்று நடந்தது. ஊல்லா என்று ஒரு மாணவி, படகு பழுதுபார்க்கும் பட்டறையில் அலுவலக வேலை. இங்கிலாந்துக்காரர் ஒருவர் தன் படகை ஏப்ரலிலேயே முடித்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியாது என்று எழுதினாள். மறுபடி கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டாவது முறை மறுக்கும்போது ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னால் அவர் மனம் கோணாது என்பது அவள் கேள்வி. பின்வரிசையிலிருந்து ஒருவர், "முதல் தடவை சொன்னது அந்தாளுக்குக் காது கேக்கலையா?" என்றார். வகுப்பே சிரித்தது. இங்கே இரண்டாவது மறுப்பு என்று ஒன்று கிடையாது. ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். திரும்பக் கேட்டால், நீ சொன்னதை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல. இருபது வருஷத்தில் அது எனக்குள்ளும் ஊறிவிட்டது.

நான் கரும்பலகையில் மூன்று எழுதினேன். 'ஸ்டில் நோ' என்றால், 'நடுவில் யோசித்துப் பார்த்தேன், இதுவரை மாறவில்லை' என்று பொருள். கதவு சாத்தியிருக்கிறது, தாழ்ப்பாள் போடவில்லை. 'நோ, அகெய்ன்' என்றால் சொல்கிறவருக்கு அலுத்துவிட்டது, எண்ணத் தொடங்கிவிட்டார். 'ஐ செட் நோ', அதாவது முடியாதென்று முன்பே சொன்னேனே என்றால் கதவு மூடியதோடு, தட்டியவர் மேலும் கோபம். ஊல்லா மூன்றையும் குறித்துக்கொண்டு, இதில் உண்மையானது எது என்று கேட்டாள். அது கேட்பவர் கேட்கும் விதத்தைப் பொறுத்தது என்று மழுப்பினேன். நல்ல பதில் இல்லை.

சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது உன் 'வேணாம் வேணாம்' நினைவுக்கு வந்தது. அதை நான் காதால் கேட்டேனே தவிர, உன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுத்துவிட்டாய் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததோ என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது. வந்திருக்கலாம். பயம் யாருக்குத்தான் இல்லை.

ப்ரேபெனிடம் பேசினேன். "அவர் வேணாம்னுட்டார், அட்ராக்டா. அவர் உடம்பு, அவர் முடிவு. நீ கேக்கக் கேக்க அது உதவி இல்லை, நெருக்கடி" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் என் கையை விடவில்லை. என்னை வெட்டுவார்கள் என்ற பயத்தை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, அதனால் மரியாதையைப் பற்றிப் பேசுகிறார்.

சரி, கேட்கிறேன். பாத்திரம் கழுவ எழுந்து போகாமல், உட்கார்ந்து கேட்கிறேன். என் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்கிறாயா, மலாக்கி?

அட்ராக்டா


டப்பர்கரி
20 பிப்ரவரி

அட்ராக்டா,

ஸ்டில் நோ.

உன் கரும்பலகையிலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டேன். அதற்கு நீ கொடுத்த விளக்கம் பிடிக்கவில்லை என்றால் மற்ற இரண்டில் ஒன்றை வைத்துக்கொள். எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

பெர்னி உன் கடிதத்தைப் படித்தாள். இப்போது அவளுக்கு உன்மேல் கோபமில்லை. நான் பதில் எழுதியதைப் பார்த்துவிட்டு என்மேல் கோபம். இரண்டு நாளாக உருளைக்கிழங்கில் உப்பு இல்லை. டாக்டர் உப்பு கூடாது என்கிறார் என்கிறாள். போன வாரமும் அதே டாக்டர்தான், உப்பு இருந்தது.

காரணம் கேட்பாய். இரண்டு இருக்கிறது.

உனக்கு ஏதாவது ஆகி, நான் நன்றாக இருந்தால், அப்புறம் நான் இந்த வயலில் எப்படி நடப்பேன்? ப்ரேபென் முகத்தில் எப்படி விழிப்பேன்? அது ஒன்று.

இன்னொன்று எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அப்பா நிலம் முழுவதையும் என் பேருக்கு எழுதினார். வீடு, மாடு, கொட்டகை எல்லாம். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீ ஒரு சூட்கேஸோடு பஸ் ஏறினாய். அந்தப் பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை நான் டிராக்டரை நிறுத்தவில்லை. பார்க்காதது மாதிரி உழுதுகொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவன் நான். இப்போது உன் உடம்புக்குள் கைவிட்டும் ஒன்றை எடுக்க வேண்டுமா? என்னால் முடியாது.

ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவது முறை கேட்காதே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த வீட்டில் வளர்ந்தவன் நான். மூன்றாவது முறை கேட்டால் மறுக்க எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு நீ கேட்டால் அது நியாயம் இல்லை.

மலாக்கி


ஸ்வெண்ட்போர்க்
17 மார்ச்

அன்புள்ள மலாக்கி,

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

முதலில் நிலம். எனக்கு வருத்தம் இருந்ததா? இருந்தது. ஏழெட்டு வருஷம் நன்றாகவே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்து உன் வேலிகளைப் பார்க்கும்போதெல்லாம், நானாக இருந்தால் இப்படியா வைத்திருப்பேன் என்று மனதுக்குள் குறை சொல்வேன். அப்புறம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை, போய்விட்டது. நான் பஸ் ஏறியது நிலம் கிடைக்காததால் இல்லை, மலாக்கி. எனக்கு மாடு பிடிக்காது. அதன் வாடை பிடிக்காது. விடியற்காலைக் குளிரில் அதன் பின்னால் போவது பிடிக்காது. அப்பா அந்த நிலத்தை எனக்கு எழுதியிருந்தால் அன்றைக்கே விற்றிருப்பேன். அவருக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதாக இத்தனை காலம் சுமந்ததை நான் கொடுக்கவே இல்லை. என்னிடம் இருந்ததும் இல்லை.

ஆனால் நீ டிராக்டரை நிறுத்தவில்லை என்பதை நானும் பார்த்தேன். பஸ்ஸின் கடைசி ஜன்னலில் இருந்தேன். அது வலித்தது. அதற்கு நீ ஒருநாள் நேரில் மன்னிப்புக் கேட்கலாம், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

இப்போது மற்றது. நீ என்னைக் கட்டிப் போட்டுவிட்டாய். கேட்டால், உன்னால் மறுக்க முடியாத இடத்தில் கேட்டவளாவேன். கேட்காவிட்டால், தட்டைத் தூக்கிக்கொண்டு போனவளாவேன். ப்ரேபெனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அவர் வேணாம்னு சொல்லலை, அட்ராக்டா. பயமா இருக்குன்னு சொல்றார். ரெண்டும் ஒண்ணில்லை" என்றார். அப்புறம் தனக்கும் பயம்தான் என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆகவே நம் வீட்டு முறையை ஓரமாக வைத்துவிடுவோம். கேக்குக்கும் டீக்கும் அது போதும். நான் இந்த ஊர் முறையில் கேட்கிறேன். நீ சொல்வதை நம்புவேன். வேண்டாம் என்று எழுதினால் அதன் பிறகு எந்தக் கடிதத்திலும் இதைத் தொடமாட்டேன். எப்போதும்போல கிறிஸ்துமஸுக்கு வருவேன், மழையைப் பற்றிப் பேசுவோம், உன்மேல் துளி வருத்தம் இருக்காது. பெர்னியையும் சமாதானம் செய்வேன். மறுக்க உனக்கு முழு உரிமை இருக்கிறது. மரியாதைக்காகச் சரி என்று சொல்லிவிடாதே. அது எனக்கு வேண்டாம்.

ஆனால் பதில் எழுதுமுன் என் பக்கத்தையும் கேள். நீ பிழைத்திருப்பது எனக்கு வேண்டும். உனக்காக மட்டும் இல்லை. எனக்கு அண்ணன் என்று உலகத்தில் இருப்பவன் நீ ஒருவன். டாக்டர்களிடம் விசாரித்தேன். ஒன்றோடு ஒரு மனுஷி நன்றாக வாழலாம் என்கிறார்கள். ஆபத்தே இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தெரிந்துதான் கேட்கிறேன்.

எடுத்துக்கொள்கிறாயா?

அட்ராக்டா


டப்பர்கரி
2 ஏப்ரல்

அட்ராக்டா,

மூன்று கடிதம் எழுதினேன். ஒன்று வேண்டாம் என்று. மடித்து உறையில் போட்டு, நாக்கால் ஒட்டப் போகும்போது கை நின்றுவிட்டது. மற்ற இரண்டும் என்னவென்று கேட்காதே.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சிவப்புப் பசு கன்று ஈன ஆரம்பித்தது. கன்று தப்பாக வந்தது, ஒரு கால் மடங்கியிருந்தது. நான் இதுவரை எத்தனை இழுத்திருப்பேன்! கையை உள்ளே விட்டேன். பலம் இல்லை. சுத்தமாக இல்லை. கயிற்றைக் கட்டி இழுத்தால் நான்தான் வைக்கோலில் விழுகிறேன். பெர்னி டான்ஸிக்குப் போன் பண்ணட்டுமா என்றாள். வேணாம் என்றேன். மறுபடி கேட்டாள். வேணாம் என்றேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை. போய் அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவன் கதவருகே நின்று என்னைப் பார்த்தான். "நீ கேக்காமலே வந்துட்டேன், மலாக்கி. கோவிச்சுக்காதே" என்றான். பெர்னியும் அவனுமாக இழுத்தார்கள். நான் பசுவின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கன்று மூச்சு விடவில்லை. டான்ஸி அதன் மூக்கில் வைக்கோலை விட்டுக் குடைந்தான். தும்மியது. எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. மறுபடி எழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால். டான்ஸி வாளியைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தான், நல்லவன்.

அது ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அட்ராக்டா. இரண்டு வருஷம் கழித்து அது ஈனுவதையும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். எனக்கு உயிரோடு இருக்க ஆசையாக இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைப் பிடித்து, வெளிநாட்டில் இருக்கும் தங்கைக்கு ரத்தப் பரிசோதனை எங்கே எடுப்பது என்று விசாரித்தேன். டென்மார்க்கிலேயே எடுத்து அனுப்பலாமாம். அவர் கொடுத்த காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட மாதிரியே, இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை.

டிராக்டரை நிறுத்தியிருக்க வேண்டும். மன்னித்துவிடு. நேரில் என்றால் நான் சொல்லமாட்டேன், அதனால் இங்கேயே.

மலாக்கி


ஸ்வெண்ட்போர்க்
9 ஜூன்

அன்புள்ள மலாக்கி,

பொருந்துகிறது. போன வாரம் போனில் சொன்னபோது நீ "அப்படியா" என்றதும், பின்னால் பெர்னி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்ததும் கேட்டது. அவளிடம் போனைக் கொடுத்திருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் அழுதிருப்போம், உனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கும்.

பொருந்தாமல் போய்விட்டால் என்ற நினைப்பில்தான் மே மாதம் முழுக்க ஓடியது. பொருந்த வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்படுவேன் என்று ஜனவரியில் எனக்குத் தெரியாது. பொருந்தியதும் கொஞ்சம் பயந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று விலாவைத் தொட்டுப் பார்த்தேன். எங்கே வெட்டுவார்கள் என்று டாக்டர் விரலால் கோடு போட்டுக் காட்டியிருந்தார். ப்ரேபென் வந்து பின்னால் நின்றார். அந்தக் கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் செப்டம்பர் ஒன்பதாம் தேதி என்பதால் பள்ளியில் விடுப்புக்குச் சொல்லிவிட்டேன். ப்ரேபெனும் வருகிறார். உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம், முதல் நாள் நேராக டப்ளின் ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுகிறோம். வகுப்பில் காரணம் சொன்னேன். மறுநாள் என் சைக்கிள் கூடையில் ஊல்லா வைத்த ஒரு ஜாடி ஸ்ட்ராபெரி ஜாம் இருந்தது.

கன்று எப்படி இருக்கிறது?

அட்ராக்டா


டப்பர்கரி
18 ஆகஸ்ட்

அன்புள்ள அட்ராக்டா,

கன்று வேலியை உடைத்துக்கொண்டு டான்ஸியின் ஓட்ஸ் பயிரில் போய் மேய்கிறது. அவன் வந்து முறையிட்டான். டீ குடிக்கிறாயா என்றேன். குடிக்கிறேன் என்று முதல் தடவையிலேயே உட்கார்ந்துவிட்டான். கோபத்தில் இருந்ததால் மறந்திருப்பான்.

நீ எட்டாம் தேதி நேராக டப்ளினுக்கு வருவதாக எழுதியிருந்தாய். அதுதான் வசதி என்று நானும் போனில் சொன்னேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன்.

நான் யாரிடமும் எதுவும் கேட்டவன் இல்லை, உனக்குத் தெரியும். கொடுத்தால்கூட வேண்டாம் என்பவன். பெர்னி பகலில் தைரியமாக இருக்கிறாள், எனக்குத் தெரியாமல் பின்கட்டில் போய் நிற்கிறாள். அவளிடம் சொல்ல முடியாது. டான்ஸியிடம் சொன்னால் வானிலைக்குத் தாவிவிடுவான்.

நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னை வெட்டுவதை நினைத்துப் பாதி, என்னை வெட்டுவதை நினைத்துப் பாதி.

ஒரு வாரம் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிடு. மாட்டைப் பார்க்க வேண்டாம், கொட்டகைப் பக்கமே வர வேண்டாம். சும்மா இங்கே இரு. ஆஸ்பத்திரிக்கு நாம் ஒரே காரில் போவோம். ப்ரேபென் முன்னால் உட்காரட்டும், அவருக்குக் கால் நீளம். நீயும் நானும் பின்னால்.

பஸ் நிறுத்தத்துக்கு நானே வருகிறேன். வா.

மலாக்கி